சொல் கணக்கா, மாதக் கணக்கா, சன்மானமா? தமிழில் எழுதிப் பிழைக்க எது தோது

வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே எழுதிச் சம்பாதிக்கலாமா என்று கேட்டு அடிக்கடி யாராவது போன் செய்கிறார்கள். பெரும்பாலும் பத்திரிகையில் துணையாசிரியராக இருப்பவர்கள், விளம்பரக் கம்பெனியில் காப்பிரைட்டர்கள், சில நேரம் தமிழாசிரியர்கள். எல்லோரும் முதலில் கேட்பது, "சொல்லுக்கு எவ்வளவு தருவாங்க?" என்றுதான். அதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. சொல்லுக்கு இரண்டு ரூபாய் பேசிவிட்டு நான்கு மாதம் இழுத்தடிக்கிற இடமும் உண்டு, ஒரு ரூபாய் பேசி மாதாமாதம் 7ஆம் தேதி கணக்கில் போட்டுவிடுகிற இடமும் உண்டு. வீட்டு வாடகை கட்டுபவருக்கு இரண்டாவது இடம்தான் நல்ல இடம்.

நான் வேறு மூன்று விஷயங்களை வைத்துத்தான் ஒப்பிடுவேன். எழுதிக் கொடுத்த நாளுக்கும் பணம் வங்கியில் விழும் நாளுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி? திருத்தம் என்று திரும்பி வரும் வேலைக்கான நேரம் யார் தலையில் விழுகிறது? எல்லாம் முடிந்தபின் நம்மிடம் என்ன மிஞ்சுகிறது, பெயரா, உரிமையா, அடுத்த வேலைக்கு வழியா? இந்த மூன்றிலும் தேறுகிற ஒரே வேலை என்று தமிழில் எதுவும் இல்லை. அதனால் எதை ஆதாரமாக வைத்துக்கொள்வது, எதைத் துணைக்கு வைத்துக்கொள்வது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. நான் திருச்சியில் இருந்துகொண்டு எழுதுகிறேன். சினிமா, சீரியல் பக்கம் போனதில்லை, அதனால் அந்தக் கணக்கு இதில் இல்லை.

ஏஜென்சி மொழிபெயர்ப்பு: சொல்லுக்கு இவ்வளவு

தமிழில் எழுதத் தெரிந்தவருக்கு எளிதாகக் கிடைப்பது இதுதான். வங்கி ஆப், காப்பீட்டுப் படிவம், மருந்துப் பரிசோதனைக்கான ஒப்புதல் படிவம், செல்போன் கையேடு, ஆசிரியர் பயிற்சிப் புத்தகம் என்று ஏஜென்சிகளிடமிருந்து ஏதாவது வந்துகொண்டே இருக்கும். ஆரம்பத்தில் முந்நூறு சொல் அளவுக்கு ஒரு சோதனைப் பகுதியைக் காசில்லாமல் செய்யச் சொல்வார்கள். அது வழக்கம், செய்துவிடலாம். ஆயிரம் சொல்லுக்கு மேல் 'டெஸ்ட்' வந்தால், தங்கள் வேலையை ஓசியில் முடித்துக்கொள்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ரேட் பேசும்போது எந்த மொழியின் சொல்லுக்கு அந்த ரேட் என்று கேளுங்கள். தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், ஆங்கிலத்தில் ஆயிரம் சொல் இருந்தால் தமிழில் எழுநூறு, எழுநூற்றைம்பதுதான் வரும். ஆங்கில மூலத்தை எண்ணிக் காசு தருகிற ஏஜென்சியும் தமிழை எண்ணித் தருகிற ஏஜென்சியும் ஒரே ரேட் சொன்னால், இரண்டாவது இடத்தில் கால் பங்காவது குறைகிறது. புதிதாக வருபவர்கள் பாதிப்பேர் இதைக் கேட்பதே இல்லை.

அடுத்து, எந்தச் சொல்லுக்கு ரேட்டில் எத்தனை பங்கு என்கிற அட்டவணை. டிராடோஸ் மாதிரியான மொழிபெயர்ப்பு மென்பொருளில் கோப்பைப் போட்டதும், முன்பு செய்த மொழிபெயர்ப்புகளோடு ஒப்பிட்டு அது ஒரு கணக்குத் தரும். பத்தாயிரம் சொல் கோப்பு என்று வைத்துக்கொள்வோம். அப்படியே திரும்ப வருபவை 2,000, முன்பு செய்ததோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறவை 3,000, புதியவை 5,000 என்று காட்டும். திரும்ப வருவதற்குப் பத்தில் ஒரு பங்கு, ஒத்துப்போவதற்குப் பாதி, புதியதற்கு முழு ரேட் என்று பேசியிருந்தால், சொல்லுக்கு ஒரு ரூபாய் வீதம் கையில் வருவது 6,700 ரூபாய். பத்தாயிரம் வரும் என்று மனக்கணக்குப் போட்டவருக்கு மூவாயிரத்து முந்நூறு துண்டு விழுகிறது. ஒத்துப்போகிறது என்று மென்பொருள் சொல்லும் வாக்கியத்தில் மூலத்தில் ஒரு சொல்தான் மாறியிருக்கும். தமிழில் எழுவாய் மாறினால் வினைமுற்றும் மாறும், சில நேரம் வாக்கியத்தையே பிரித்துக் கட்ட வேண்டும். அதற்கும் பாதிக் காசுதான்.

கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் 2011இல் வந்தபோது அதைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தோம். இப்போது யாரும் சிரிப்பதில்லை. கோப்புகள் இயந்திரம் செய்த தமிழோடுதான் வருகின்றன. "எடிட் மட்டும் பண்ணுங்க" என்று சொல்லி ரேட்டைப் பாதியாக்குகிறார்கள். அந்தத் தமிழ் முன்பைவிட எவ்வளவோ தேவலாம், ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. ஓட்டமாகப் படித்தால் சரியாகத் தெரியும். நிதானமாகப் பார்த்தால், மருந்துத் துண்டறிக்கையின் முதல் வரியில் 'நீங்கள்' என்று இருக்கும், நான்காம் வரியில் 'உன் மருத்துவரிடம் கேள்' என்று இருக்கும். சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய மாத்திரை எங்கோ ஓரிடத்தில் சாப்பாட்டுடன் போடுகிற மாத்திரையாகியிருக்கும். இதையெல்லாம் பிடிக்க மூலத்தையும் தமிழையும் வரிக்கு வரி வைத்துப் படிக்க வேண்டும். புதிதாக எழுத ஆகும் நேரத்தில் பாதியில் அது முடிவதில்லை. மணிக்கு இவ்வளவு என்று பேசினால் இந்த வேலையை எடுக்கிறேன். சொல் கணக்கு என்றால் எடுப்பதில்லை.

பணம் வரும் நாள் எப்படி? பெரும்பாலான இடங்களில் இன்வாய்ஸ் மாதக் கடைசியில் ஒரே ஒரு முறைதான், அதிலிருந்து 45 நாள். ஜூன் 2ஆம் தேதி முடித்துக் கொடுத்த வேலைக்கு ஆகஸ்ட் 14ஆம் தேதி பணம். முதல் இரண்டரை மாதம் கையில் ஒன்றும் வராது என்று தெரிந்தே இறங்க வேண்டும். அதற்கப்புறம் ஒழுங்காக வரும். கொடுத்த தேதியில் சரியாகப் போடுகிற ஏஜென்சிகள் நிறைய உண்டு, இந்த விஷயத்தில் பத்திரிகைகளைவிட இவர்கள் எவ்வளவோ மேல். வெளிநாட்டு ஆட்களோடு நேரடியாக வேலை செய்தால் ரேட் கூடும், ஆனால் நடுவில் நிற்பவர்கள் எடுத்துக்கொள்வதையும் கழிக்க வேண்டும். ஃபைவர் என்ற இணைய வேலைச் சந்தையில் வேலை பிடித்தால் 20 சதவீதம் அங்கேயே போய்விடும்.

மிஞ்சுவது? பெயர் வராது, உரிமை கிடையாது, ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பதால் செய்த வேலையை யாரிடமும் காட்டவும் முடியாது. ஒரு துறையில் ஊறின பழக்கம் மட்டும் மிஞ்சும். மருத்துவமோ வங்கியோ ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டவர்களைத் தேடி வேலை வருகிறது. எல்லாம் செய்வேன் என்பவர்களுக்கு மிச்சம்தான் வருகிறது.

மாதத் தொகை: சம்பளம் மாதிரி, ஆனால் சம்பளம் இல்லை

விளம்பர ஏஜென்சி, தொண்டு நிறுவனம், மருத்துவமனை, ஜவுளிக்கடை, கட்டுமானக் கம்பெனி, இவர்களில் யாராவது மாதம் இத்தனை பதிவு, இத்தனை வீடியோ ஸ்கிரிப்ட் என்று பேசி ஒரு தொகை தருவார்கள். தனியாக எழுதிப் பிழைப்பவர் நிம்மதியாகத் தூங்குவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. சிக்கல் என்னவென்றால், 'இத்தனை' என்பது பேசிய அன்றைக்கு மட்டும்தான் அந்த எண்ணிக்கையில் இருக்கும்.

ஒரு சாதாரண நாளைச் சொல்கிறேன். காலை பதினொரு மணிக்கு ஒரு ஜவுளிக்கடைக்கு ஆடித் தள்ளுபடி விளம்பர வரிகளை அனுப்புகிறேன். "சூப்பர் மேம், க்ளையன்ட்கிட்ட காட்டிட்டுச் சொல்றேன்" என்று ஏஜென்சிப் பையன் பதில் போடுகிறான். மாலை ஆறரைக்கு, "க்ளையன்ட்டுக்குப் பிடிச்சிருக்கு மேம். இன்னும் கொஞ்சம் பன்ச்சா வேணுமாம்." ஏழு மணிக்கு, "மேம், ஓனரோட மருமகன் பார்த்தாராம். ஆடின்னு வந்தா மங்களமா இல்லையாம், அந்த வார்த்தை மட்டும் வேண்டாமாம்." ஆடித் தள்ளுபடி விளம்பரத்தில் ஆடி இருக்கக் கூடாது. எழுதிக் கொடுத்தேன்.

இதற்கெல்லாம் கோபப்பட்டுப் பயனில்லை, ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும். ஒரு வேலைக்கு இரண்டு திருத்தம் வரை சேர்த்தி, மூன்றாவதிலிருந்து தனிக் கட்டணம். இந்த மாதம் அவர்கள் கேட்காமல் விட்ட பதிவுகள் அடுத்த மாதத்துக்குச் சேராது. நிறுத்துவதென்றால் 30 நாள் முன்னால் சொல்ல வேண்டும். இந்த மூன்றும் ஒரு மெயிலில் இருந்தால் போதும், முத்திரைத்தாள் எல்லாம் வேண்டாம். மூன்றாவது திருத்தத்துக்குக் காசு கேட்டு நான் வாங்கியது குறைவு. ஆனால் அந்த வரி இருப்பதால் மூன்றாவது திருத்தம் வருவதே குறைந்துவிட்டது.

நிறுத்துவது பற்றிய வரிதான் உயிர். மாதத் தொகை வேலை ஒரே மெயிலில் போய்விடும். 'பிராண்டின் உத்தியை மாற்றுகிறோம், இனி எங்கள் ஆட்களே பார்த்துக்கொள்வார்கள்' என்று வரும். 2023க்கு அப்புறம் இதற்கு இன்னொரு வடிவமும் வந்திருக்கிறது. வேலையை நிறுத்த மாட்டார்கள், ஏ.ஐ.யில் தாங்களே எழுதிக்கொண்டு, "சும்மா ஒரு லுக் விடுங்க மேம்" என்று அனுப்புவார்கள், தொகையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கலாமா என்று கூடவே கேட்பார்கள். அந்த 'லுக்' எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று மேலே சொல்லிவிட்டேன்.

எழுத்தும் முழுக்க அவர்களுக்கே போய்விடும். அதில் எனக்கு வருத்தமில்லை. ஜவுளிக்கடை வரியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன்?

பத்திரிகையும் புத்தகமும்

பெயர் வேண்டுமென்றால் இங்கேதான் வர வேண்டும். சோறு வேண்டுமென்றால் இங்கே வரக் கூடாது. வார இதழ், நாளிதழின் நடுப்பக்கம், இணைய இதழ் எதுவானாலும் சன்மானம் என்ற சொல்லுக்கு ஏற்றபடி அது மரியாதைக்குத் தருகிற தொகைதான். சிற்றிதழ்களில் அதுவும் கிடையாது, ஒரு பிரதி அனுப்பினால் பெரிது. அனுப்பிய கட்டுரை வேண்டாம் என்று யாரும் பதில் போடுவதில்லை, "பரிசீலனையில் இருக்கு" என்பதோடு பேச்சு நின்றுவிடும். அதற்குள் விஷயம் ஆறிப்போயிருக்கும்.

ஆனால் மிஞ்சுவதைப் பார்த்தால் இது முதலிடம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பள ஊழியராக இல்லாமல் வெளியிலிருந்து எழுதுபவர்தான் தன் எழுத்தின் முதல் உரிமையாளர். எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தாலொழிய அந்த உரிமை கைமாறாது. அப்படிக் கொடுத்த தாளில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். பத்திரிகையில் வந்த கட்டுரைகளைத் தொகுத்துப் புத்தகமாக்க அவர்களிடம் கெஞ்ச வேண்டியதில்லை. சில இதழ்கள் இப்போது எல்லா உரிமையும் எங்களுக்கே என்று ஒரு படிவம் அனுப்புகின்றன. சன்மானத்தைவிட அந்தப் படிவத்தை அதிக நேரம் படியுங்கள்.

புத்தகத்தின் கணக்கு இன்னும் சுருக்கம். 300 ரூபாய் விலை, பத்து சதவீத ராயல்டி, 500 பிரதி விற்றால் 15,000 ரூபாய். இந்தக் காலத்தில் நூறு, இருநூறு என்று அச்சடித்து விற்கும் பதிப்பகங்கள் ஏராளம், ஐந்நூறு போவதே நல்ல விற்பனை. புத்தக மொழிபெயர்ப்புக்கு மொத்தத் தொகை பேசுவார்கள், அதன் வேகமும் தாமதமும் ஒரே காரணத்தால் வருகின்றன. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் புத்தகம் வந்தாக வேண்டும் என்று அக்டோபரிலிருந்து தினமும் போன் வரும். ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து முடித்துக் கொடுப்போம். நந்தனத்தில் கடை போடும்போது புத்தகம் மேசையில் இருக்கும். பணம் எப்போது சார் என்றால் பதிப்பாளர் முதலில், "கண்காட்சி முடியட்டும்மா" என்பார். கண்காட்சி முடிந்ததும், "லைப்ரரி ஆர்டர் வந்ததும் செட்டில் பண்ணிடலாம்" என்பார். அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் அந்த நூலக ஆணை எந்த வருடம் வரும் என்று அவருக்கே தெரியாது, அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. கையெழுத்துப் போடும்போதே மூன்றில் ஒரு பங்கு முன்பணம், கோப்பை ஒப்படைக்கும்போது இன்னொரு பங்கு என்று கேட்டுவிட்டால், கடைசிப் பங்கு மட்டும்தான் நூலக ஆணையை நம்பி நிற்கும்.

இன்னொருவர் பெயரில் எழுதுவது

இதைப் பற்றி யாரும் வெளியே பேசுவதில்லை, ஆனால் தமிழ்நாட்டில் இதற்கு நல்ல சந்தை இருக்கிறது. தொழிலதிபரின் சுயசரிதை, கல்லூரித் தாளாளரின் வாழ்க்கை வரலாறு, கோயில் குடமுழுக்கு மலர், சங்கத்தின் பொன்விழா மலர். இவற்றில் எனக்குப் பிடித்த ஒரு குணம், விழாத் தேதி முன்கூட்டியே முடிவாகிவிட்டிருக்கும். அப்பாவின் சதாபிஷேகம் தை மாதம், அன்றைக்குப் புத்தகம் வெளிவர வேண்டும், மண்டபம் பிடித்தாயிற்று. தள்ளிப்போட முடியாத நாள் இருப்பதால் முடிவுகள் சட்டென்று எடுக்கப்படும், பணமும் தடையில்லாமல் வரும். நான் எழுதிய வகைகளில் பேசிய தொகை பேசிய தேதியில் வந்தது இங்கேதான் அதிகம்.

வேலை கடினம். ஒருவர் பேசிய ஒரு மணி நேரப் பதிவை எழுத்தில் கொண்டுவர நான்கைந்து மணி நேரம் ஆகும், அதற்கு மேல்தான் எழுதவே ஆரம்பிக்க முடியும். கொங்குப் பக்கத்து மில் முதலாளி ஒருவர் விடிகாலை ஐந்து மணி நடைப்பயிற்சியின்போது வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகளாக அனுப்புவார். பின்னணியில் நாய் குரைக்கும், லாரி போகும், நடுவில் வாட்ச்மேனைத் திட்டுவார். கதை என்னவோ அருமையாக இருந்தது, 1970களில் பஞ்சு வாங்க ஆந்திரா போன பயணங்கள், ஜின்னிங் ஆலையில் தீப்பிடித்த இரவு, தம்பியோடு பாகம் பிரித்தது எல்லாம் வரும். அத்தியாயங்களை அனுப்பிய பிறகு போன் வந்தது. "ஏனுங் அம்மிணி, எல்லாம் அம்சமா இருக்குதுங். அந்தப் பாகம் பிரிச்ச சங்கதிய மட்டும் எடுத்துப்போடுங். தம்பி பையன் கல்யாணத்துக்குப் பேச்சு நடக்குது." புத்தகத்தில் உயிரோடு இருந்த ஒரே அத்தியாயம் அதுதான். எடுத்துப்போட்டேன், ஏனென்றால் அது அவருடைய புத்தகம்.

ஆக, பெயர் இல்லை, உரிமை இல்லை, மாதிரிக்குக் காட்டவும் முடியாது. ஆனால் அந்த விழாவுக்கு வந்த இன்னொருவர் தன் அப்பாவுக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று கேட்பார். அடுத்த வேலை இப்படி வாய்வழியாக மட்டும்தான் வருகிறது. தொகையைத் தொடக்கத்தில், முதல் வரைவில், அச்சுக்குப் போகும்போது என மூன்றாகப் பிரித்து வாங்குங்கள். வீட்டில் யார் படித்துச் சம்மதிக்க வேண்டும் என்பதையும் தொடக்கத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மூத்த மகள் வெளிநாட்டில் இருக்கிறார், அவர் பார்க்காமல் போகக் கூடாது என்ற செய்தி பொதுவாக அச்சகத்துக்கு அனுப்புவதற்கு முந்தின நாள்தான் தெரியவரும்.

ஆப்களும் மின்னூலும்

தொடர்கதை ஆப்பான பிரதிலிபி 2014இல் தொடங்கியது, அமேசானின் கிண்டிலிலும் தமிழில் நாமே வெளியிடலாம், ஒலிக்கதை ஆப்களும் இருக்கின்றன. குடும்ப நாவல், காதல் தொடர் எழுதுகிற பெண்கள் சிலர் இதில் நன்றாகச் சம்பாதிக்கிறார்கள், எனக்கு நேரில் தெரியும். அவர்கள் தினமும் அத்தியாயம் போடுகிறார்கள், பின்னூட்டத்துக்குப் பதில் எழுதுகிறார்கள், ஒரு தொடர் முடியும் முன்பே அடுத்ததை ஆரம்பிக்கிறார்கள். அந்த வேகம் இயல்பாக வருகிறவர்களுக்கு மட்டும் இது வழி. வருமானம் தலை தூக்கப் பல மாதம் ஆகும். கிண்டிலில் ஒரு மாத விற்பனைப் பணம் அந்த மாதம் முடிந்து ஏறக்குறைய 60 நாள் கழித்துத்தான் வரும். வேலையை விட்டுவிட்டு இதில் இறங்காதீர்கள், வேலையில் இருக்கும்போதே ஆரம்பித்துப் பாருங்கள்.

பணத்தை வரவைப்பது

எந்த வேலையானாலும் இந்தியக் கம்பெனிகள் தொழில்முறைக் கட்டணத்தில் 10 சதவீதத்தை டி.டி.எஸ். என்று வரியாக முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும். 2025 ஏப்ரலிலிருந்து ஒரே இடத்திலிருந்து ஆண்டுக்கு 50,000 ரூபாய்க்குள் வாங்கினால் பிடிக்கத் தேவையில்லை, அதற்கு முன் 30,000 ஆக இருந்தது. பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம். மாதம் 25,000 பேசினால் கையில் 22,500, ஆண்டுக்கு 30,000 ரூபாய் அரசிடம் போய் நிற்கும். வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தால், கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்ப வாங்கலாம். ஆனால் பிடித்த பணத்தை அவர்கள் உங்கள் பான் எண்ணில் கட்டியிருக்கிறார்களா என்று வருமான வரித் தளத்தில் உங்கள் கணக்கில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கட்டாமல் விட்ட இடங்களை நான் பார்த்திருக்கிறேன். ஜி.எஸ்.டி. எண் இல்லையா என்று சிலர் மிரட்டுகிற தொனியில் கேட்பார்கள். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு ஆண்டுக்கு 20 லட்சத்துக்குள் இந்த வேலை செய்பவருக்கு அது கட்டாயமில்லை, பதறாதீர்கள்.

தாமதத்துக்கு ஒரு மருந்து உண்டு, எழுத்தாளர்கள் பலருக்கு அது தெரிவதில்லை. மத்திய அரசின் உத்யம் தளத்தில் ஆதார், பான் வைத்து உங்களைக் குறுந்தொழிலாகப் பதிவு செய்துகொள்ளலாம். கட்டணம் கிடையாது, இடையில் காசு கேட்கிற போலித் தளங்களில் மாட்டிக்கொள்ளாதீர்கள். பதிவு இருந்தால் 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். எழுத்துபூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லையென்றால் 15 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. வழக்கு, வட்டி என்று போனால் அந்த க்ளையன்ட் அதோடு போய்விடுவார், அதனால் நான் அந்தப் பக்கம் போனதில்லை. ஆனால் 2024 ஏப்ரலிலிருந்து வருமான வரிச் சட்டத்திலும் ஒரு பிடி வந்திருக்கிறது. குறு, சிறு தொழிலுக்குத் தர வேண்டியதை இந்தக் கெடுவுக்குள் தராமல் விட்டு ஆண்டு முடிந்துவிட்டால், அந்த ஆண்டின் செலவாக அதைக் காட்ட முடியாது. கம்பெனி ஆடிட்டர்களுக்கு இது தெரியும். இன்வாய்ஸின் அடியில் உத்யம் எண்ணை அச்சடித்து அனுப்பினாலே போதும், மார்ச் மாதத்தில் அக்கவுன்ட்ஸிலிருந்து அவர்களாகவே கூப்பிடுகிறார்கள்.

சரி, யாருக்கு எது

வீட்டுக் கடன் தவணையோ பள்ளிக் கட்டணமோ இருப்பவர் மாதத் தொகையை ஆதாரமாக வைத்துக்கொள்ளட்டும். ஒரே இடத்திலிருந்து மொத்த வருமானத்தில் பாதிக்கு மேல் வர விடக் கூடாது. இரண்டு சிறிய மாதத் தொகை ஒரு பெரியதைவிட நல்லது, ஒன்று போனாலும் அடுப்பு எரியும். மிச்ச நேரத்துக்கு ஏஜென்சி மொழிபெயர்ப்பு வேலை. அது தேவைப்படும்போது எடுத்து, வேண்டாதபோது விடக்கூடியது, மற்ற எந்த வேலைக்கும் இந்த வசதி இல்லை.

நாவலோ சிறுகதையோ எழுத நேரம் வேண்டும் என்பதற்காக வேலையை விடுகிறவர்களுக்கு நான் சொல்வது வேறு. விளம்பர வரியும் பிறர் வாழ்க்கை வரலாறும் நீங்கள் கதைக்கு வைத்திருக்கும் அதே சரக்கைத்தான் எடுத்துச் செலவழிக்கும். இன்னொருவரின் ஜின்னிங் ஆலையைப் பகல் முழுக்க எழுதிவிட்டு ராத்திரி உங்கள் பாத்திரத்திடம் போய் உட்கார்ந்தால், அவரும் கொங்குத் தமிழில் பேச ஆரம்பித்துவிடுவார். காப்பீட்டுப் படிவமும் மருந்துத் துண்டறிக்கையும் மனதில் ஒட்டுவதில்லை. காலையில் கதை, மதியம் படிவம் என்று பிரித்துக்கொண்ட இரண்டு மூன்று பேரைத் தெரியும், அவர்களுடைய புத்தகங்கள் வந்துகொண்டிருக்கின்றன.

பத்திரிகை எழுத்தை யாரும் விடக் கூடாது என்றுதான் நினைக்கிறேன், அதில் வரும் காசு ஒரு பொருட்டில்லை என்றாலும். மில் முதலாளி என்னைக் கண்டுபிடித்தது ஒரு தீபாவளி மலர்க் கட்டுரையைப் படித்துத்தான்.

சின்னக் குழந்தை வைத்திருப்பவர்கள், வீட்டிலிருந்தால் பார்த்துக்கொண்டே எழுதலாம் என்று கணக்குப் போடாதீர்கள். வீட்டில் இருப்பவரை யாரும் வேலையில் இருப்பவராக நினைப்பதில்லை. "நீ வீட்லதானே இருக்க, சிலிண்டர் வந்தா வாங்கி வெச்சிடு" என்று பக்கத்து வீட்டு அக்கா சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார். மாதத் தொகைக்காரர்கள் கேட்பது உடனடிப் பதிலை, மொழிபெயர்ப்பு ஏஜென்சி கேட்பது தேதியை மட்டும்தான். குழந்தை தூங்கும் நேரத்தை நம்பி எழுதுபவருக்கு இரண்டாவதுதான் ஒத்துவரும்.

ராஜினாமா எப்போது என்பதிலும் யோசிக்க இருக்கிறது. மார்ச்சில் கம்பெனிகள் பழைய பாக்கிகளைத் தீர்க்கும், ஏப்ரல், மே மாதங்களில் புது பட்ஜெட் முடிவாகும்வரை புதிய வேலை அவ்வளவாக வராது. ஆடியில் தொடங்கித் தீபாவளி, பொங்கல்வரை விளம்பர எழுத்துக்குக் கை ஓயாது. ஜூனில் வெளியே வந்தால் முதல் சில மாதங்களைத் தாண்டிவிடலாம். கம்பெனி மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும் என்பதால், வேலையில் இருக்கும்போதே சொந்தப் பாலிசி எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் மூன்று ஆண்டுவரை இருக்கலாம், அந்தக் கடிகாரம் சீக்கிரம் ஓட ஆரம்பித்தால் நல்லது. தனிநபர் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பரிலிருந்து ஜி.எஸ்.டி.யும் இல்லை.

முதல் வேலை பேசும்போது ரேட், தேதி, திருத்தம் எல்லாம் முடிவான பிறகு இன்னொன்றையும் கேட்டு வாங்குங்கள். நம்மிடம் வேலை சொல்பவர் ஒருவர், பணம் போடுபவர் வேறொருவர். அக்கவுன்ட்ஸில் இன்வாய்ஸைப் பார்ப்பவரின் பெயர், போன் எண், அவர்கள் மாதத்தில் எந்தத் தேதியில் பணம் போடுகிறார்கள் என்பது, இந்த மூன்றும் கையில் இருந்தால், "சார் லீவ்ல இருக்காருங்க" என்ற பதிலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.